உங்களுக்குத் தெரியுமா? போலீசிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் நிற்காது!

● ‘விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று செய்தித்தாளில் படித்தவுடன் வழக்கே முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்த ஒப்புதலை நீதிபதி முன் எடுத்துவைக்கவே முடியாது. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக நிரூபிக்கக் கூடாது என்கிறது சட்டம். 1872-ம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் இது 25-ம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 23-ம் பிரிவு. அடித்து வாங்கினார்களா, தானாகச் சொன்னாரா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. கேட்டவர் போலீஸ் என்பதே போதும், வாக்குமூலம் தள்ளப்படும்.

● போலீஸ் காவலில் இருக்கும்போது டாக்டரிடமோ, நிருபரிடமோ, பக்கத்தில் நின்ற பழைய நண்பரிடமோ சொன்னாலும் அதே கதிதான். மாஜிஸ்திரேட் நேரில் இருக்கும்போது சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

● இந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம் மண்ணின் வலி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் ஒன்று 1855-ல் சென்னை மாகாணத்தில் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்பதை அது பதிவு செய்தது. ‘கிட்டி’ என்ற மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றால் பிணைத்து, குனிந்த நிலையிலேயே மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசிடம் சொன்ன ஒப்புதலைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று விதித்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சாட்சியச் சட்டத்தை எழுதியபோது அந்த விதியை அதற்குள் கொண்டுவந்தார். இதைக் ‘குற்றவாளிக்குச் சலுகை’ என்று பேசுபவர்கள் அந்த 1855 அறிக்கையை ஒருமுறை படிக்க வேண்டும்.

● 1963 ஆகஸ்டில், அன்றைய பிகாரின் பால்கோட் காவல் நிலையத்துக்கு ஒருவர் தானாகவே நடந்து வந்தார். உறவினர் நால்வரைக் கோடாரியால் வெட்டிக் கொன்றதாகச் சொன்னார். அதையே முதல் தகவல் அறிக்கையாகப் பதிந்தார்கள். விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? விடுதலை! அந்த அறிக்கையை ‘காரணம்’, ‘முன்தயாரிப்பு’, ‘கொலை’ என்று துண்டு துண்டாகப் பிரித்துச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, மொத்தமும் போலீசிடம் சொன்ன ஒப்புதல்தான் என்றது. உடல்களும் கோடாரியும் கிடைத்ததைக் காட்டும் பகுதி மட்டும் மிஞ்சியது, தண்டனைக்கு அது போதவில்லை. நால்வரை இழந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனாலும் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். தானாக வந்தார் என்பதற்கும் போலீசின் பேச்சைத்தானே நம்பியாக வேண்டியிருக்கிறது?

● கிடைத்த பொருளைக் காட்டும் அந்தப் பகுதி மட்டும் ஏன் மிஞ்சியது? பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ம் பிரிவுதான் காரணம். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு புதிய உண்மை வெளிப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்கில் 1946-ல் இதன் எல்லை வரையப்பட்டது. ‘ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்துவைத்தேன், வந்தால் காட்டுகிறேன்’ என்றால் செல்லும். ‘அந்த ஈட்டியால்தான் குத்தினேன்’ என்ற வார்த்தைகள் செல்லாது. ‘அடையாளம் காட்டினார், மகஜர் போட்டுக் கைப்பற்றினோம்’ என்று ஏறக்குறைய எல்லாக் கொலை வழக்கிலும் வருவதற்கு இந்த விதிவிலக்கே காரணம். ஆயுதம் எங்கே என்று கேட்டு அடிக்கும் தூண்டுதலும் இங்கிருந்தே வருகிறது. சட்டத்தை எழுதியவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். 2023-ல் புதிய சட்டம் எழுதும்போது சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. விதிவிலக்கு அப்படியே தொடர்கிறது.

● ‘உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறோம்’ என்று அதிகாரத்தில் இருப்பவர் ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கிய ஒப்புதலும் செல்லாது. ஆனால் அந்த ஆசையும் பயமும் வழக்கு தொடர்பானவையாக, இந்த உலகத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ‘சொல்லாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று பயமுறுத்தியது மட்டும் கணக்கில் வராது.

● வேறு வகையில் ஏற்கத்தக்க ஒப்புதலைக் குடிபோதையில் சொன்னார் என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துக் கேட்டதும் அப்படியே. படித்ததும் எனக்கே வியப்பாக இருந்த விதி இது.

● தனக்குத்தானே முணுமுணுத்ததுகூடச் சான்றாகலாம்! மருமகளைக் கொன்றுவிட்டு, ‘அவளையும் முடித்தேன், தினசரிச் சண்டையையும் முடித்தேன்’ என்ற பொருளில் முணுமுணுத்தபடி வீட்டை விட்டு வெளியேறினார் உத்தரப்பிரதேசத்துக்காரர் ஒருவர். கேட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒப்புதல் என்றால் இன்னொருவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

● தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் அடிக்கடி வருபவர் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ. ‘என்னிடம் சரணடைந்து ஒப்புக்கொண்டார்’ என்று அவர் சாட்சி சொல்வார். அவர் போலீஸ் அல்ல, ஒப்புதலை எழுதிக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பழைய கிராம மாஜிஸ்திரேட்டும் அல்ல என்பதால் அந்த வாக்குமூலத்தை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பின் தெரியாத ஓர் அதிகாரியைத் தேடிப்போய் யாராவது கொலையை ஒப்புக்கொள்வாரா என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். நியாயமான கேள்வி.

● இத்தனை காப்பையும் ஒரே பிரிவால் நீக்கியது பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா. அதன் 15-ம் பிரிவின்படி எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிந்த ஒப்புதல் செல்லும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே அல்ல என்றது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது! 19 பேர் வெளியே வந்தார்கள். மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கொலைக் குண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை, எதற்கு என்று தெரியாமலே வாங்கிக் கொடுத்ததாக அவர் சொன்னதைத் தான் பதியவில்லை என்று, வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரியே ஓய்வு பெற்ற பின் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். விட்டுப்போனது ஒரு வாக்கியம். 19 வயதில் கைதானவர் 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுதலையானார். தடா 1995-ல் காலாவதியாகிவிட்டது.

● போதைப்பொருள் வழக்குகளில், விசாரணை அதிகாரிகள் பதிந்த ஒப்புதலை வைத்தே பல்லாண்டுகள் தண்டித்து வந்தார்கள். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று, அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே என்று உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

● சரி, விசாரணையின்போது பதியப்படும் ஒப்புதல்களில் எதுதான் செல்லும்? மாஜிஸ்திரேட் பதிவது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ‘நீங்கள் ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் உங்களுக்கு எதிராகவே பயன்படும்’ என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க நேரம் தர வேண்டும். மனம் மாறி ‘சொல்ல விரும்பவில்லை’ என்றால் அவரைத் திரும்பவும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மற்றவை அத்தனையும் வீண்.

● காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். புலன் விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ம் பிரிவு இந்தத் தடையைச் சொல்கிறது.