உங்களுக்குத் தெரியுமா? கரடி பொம்மைக்கு ஒரு அத்தை உண்டு!

உலகப் புகழ்பெற்ற ஷ்டைஃப் பொம்மைக் கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு பெண். அவரால் நடக்க முடியாது. வலது கையும் சரியாக வசப்படாது!

பெயர் மார்கரெட்டே ஷ்டைஃப். ஜெர்மனியில் கீங்கென் என்ற சிறிய ஊர். பிறந்தது 1847, ஜூலை 24. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கடைசிவரை சக்கர நாற்காலிதான்!

அப்போ பள்ளிக்கூடம்? அதெல்லாம் ஜோராகப் போனார்! கைவண்டியில் உட்கார வைத்து மற்ற பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போவார்களாம்!

ஜிதர் என்கிற நரம்பு வாத்தியம் வாசிக்கத் தெரியும் அவருக்கு. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார். எதற்கு? தையல் மெஷின் வாங்க! கீங்கென் ஊருக்கு வந்த முதல் தையல் மெஷினே அதுதான்!

இனிமேல்தான் கதையே இருக்கிறது. மெஷினின் சக்கரம் வலது பக்கம். அவருக்கோ வலது கைதான் வசப்படாது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மார்கரெட்டே என்ன செய்தார் தெரியுமா? மெஷினையே முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார்! சக்கரம் இடது கைக்கு வந்துவிட்டது! இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு எளிய யோசனை ஒரு தொழிற்சாலையில் போய் முடிந்தது என்பதுதான் அதிசயம்!

1877-ல் ஃபெல்ட் துணியில் உடை தைத்து விற்கும் கடை போட்டார். பொம்மைக் கடை இல்லை, துணிக் கடை!

பொம்மை எப்படி வந்தது? தற்செயலாக! ஒரு பேஷன் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, 1880-ல் ஒரு குட்டி யானை தைத்தார். உள்ளே ஆட்டு ரோமம் திணித்தார். யானை எதற்கு? குண்டூசி குத்தி வைக்க! ஆனால் பிள்ளைகள் விடுவார்களா? யானையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள்!

அவருடைய தம்பி ஃபிரிட்ஸ் ஒரு மூட்டை யானையைப் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்கு எடுத்துப்போனார். எல்லாம் விற்றுத் தீர்ந்தது! 1886-க்குள் 5,000-க்கும் மேற்பட்ட யானைகள்!

1892-ல் படம் போட்ட கேட்லாக் வந்தது. யானை, குரங்கு, கழுதை, ஒட்டகம், பன்றி, எலி, ஒட்டகச்சிவிங்கி... ஒரு மிருகக்காட்சி சாலையே அதில் இருந்தது!

மார்கரெட்டே திருமணம் செய்துகொள்ளவில்லை. ஃபிரிட்ஸின் ஆறு மகன்களும் ஒருவர் பின் ஒருவராக அத்தையின் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்கள்!

அதில் ரிச்சர்ட்தான் கில்லாடி. ஷ்டுட்கார்ட்டில் படிக்கும்போதே மிருகக்காட்சி சாலையில் கரடிக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து படம் படமாக வரைந்து தள்ளியவர்! 1902-ல் கை, கால் அசைகிற கரடி பொம்மையை உருவாக்கினார். உலகத்திலேயே அப்படி ஒன்று அதுதான் முதல்! அத்தைக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

1903, லைப்சிக் பொம்மைச் சந்தை. கரடியை யாரும் சீண்டவில்லை. சந்தை முடிகிற நேரத்தில் ஓர் அமெரிக்க வியாபாரி வந்தார். ஒரே ஆர்டர்... 3,000 கரடிகள்!

இதையும் கேளுங்கள். அந்த முதல் மாடல் கரடியில் ஒன்றுகூட இன்று எங்கேயும் கிடைக்கவில்லை!

1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சி. விற்ற கரடிகள் 12,000! தங்கப் பதக்கமும் கிடைத்தது!

கரடி பொம்மையை 'டெடி' என்கிறோமே, அந்த 'டெடி' யார்? அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்! 1902-ல் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப் போட்டிருந்த கரடியைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது கார்ட்டூனாக வந்தது. உடனே நியூயார்க்கின் புரூக்ளினில் மோரிஸ் மிக்டம் என்ற கடைக்காரரும் கரடி பொம்மை செய்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கரடி, இந்தப் பக்கம் ஒரு கரடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்!

மறுபடி கீங்கெனுக்கு வருவோம். 1903-ல் கட்டிய ஷ்டைஃப் தொழிற்சாலைக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி! இரும்பும் கண்ணாடியுமாக மூன்று தளங்கள். நூற்றாண்டு கடந்து இன்றும் நிற்கிறது!

கரடி ஓட ஆரம்பித்ததும் போலிகளும் ஓடிவந்தன. 1904-ல் இன்னொரு மருமகன் ஃபிரான்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். பொம்மையின் இடது காதில் ஓர் உலோகப் பொத்தான்! முதல் பொத்தானில் இருந்த உருவம்? அதே யானை!

1907-ல் ஒரே வருடத்தில் செய்த கரடிகள் சுமார் 9 லட்சத்து 74 ஆயிரம்! தொழிற்சாலைக்குள் 400 பேர். வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர்!

மார்கரெட்டே 1909, மே 9 அன்று மறைந்தார். வயது 61.

1904-ல் செய்த ஒரு ஷ்டைஃப் கரடி, 1994-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் போன விலை தெரியுமா? 1,10,000 பவுண்டு!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கரடி பொம்மை ஏதாவது இருக்கிறதா? தூக்கிப் போடுவதற்கு முன்னால் இடது காதை ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்!