குடும்பத்துக்குப் பத்து வெள்ளி

சிலாங்கூரின் தெலுக் பங்லிமா காராங்கில் வேலை தொழிற்சாலையில், வீடு தாமான் என்னும் குடியிருப்பில், கோவில் பழைய தோட்டத்து மண்ணில். பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி வேண்டுமென்றால் பஸ்ஸும் வேண்டும். இந்தப் பஸ் கட்டணத்தை யார் தருவது என்ற கேள்விக்கு நம் சமூகத்தின் பழைய வரவு செலவிலேயே விடை இருக்கிறது.

பள்ளிக் கணக்கு

1957, நாடு விடுதலை பெற்ற ஆண்டு: 888 தமிழ்ப்பள்ளிகள்.
இன்று: ஏறத்தாழ 530.

பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது காலனி காலத் தொழிலாளர் சட்டம். அதனால் பள்ளிகள் பல, ஒவ்வொன்றும் சிறிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தபோது பள்ளிகள் இணைந்தன, இடம் மாறின, மூடப்பட்டன. குடும்பங்களும் தாமான்களுக்குப் பிரிந்து போயின. 150 மாணவருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறது கல்வி அமைச்சு. ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால் வகுப்புக்கு 25 பிள்ளைகள். பஸ் இல்லாமல் ஐந்து பேர் வேறு பள்ளிக்குப் போனாலும் அந்த வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

சிறு தொகைக் கணக்கு

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. 1956இல் இந்திய இயல் துறை பிறந்தது.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பங்கு ஒன்று 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்தே மாதத்தில் பால்மரம் சீவியவர் பங்குதாரர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

1982இல் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் பக்தியையே பாடத்துக்குத் துணையாக்கியது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போகும் மாணவன் அங்கே எடுப்பது படிப்பேன் என்ற உறுதிமொழி. பல்கலைக்கழகம் போனவர்கள் வார இறுதியில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார்கள்.

பெரிய தொகைக் கணக்கு

பத்துமலை முருகன் சிலை, திறப்பு 2006:
உயரம் 42.7 மீட்டர்.
கான்கிரீட் 1,550 கன மீட்டர்.
இரும்புக் கம்பி 250 டன்.
தங்க நிறச் சாயம் 300 லிட்டர்.
செலவு சுமார் 25 லட்சம் வெள்ளி.

சிலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மனம் வைத்தால் நம்மால் எவ்வளவு திரட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. மாதாமாதம் கட்டும் பஸ் காசுக்கு இரண்டும் கிடையாது.

கட்டுவதைவிடத் தொடர்ந்து நடத்துவது கடினம் என்ற பாடத்தைக் கென்யாவும் கற்றது. 1963இல் விடுதலை பெற்றபோது அங்கே 151 இடைநிலைப்பள்ளிகள். 'ஹராம்பே', எல்லாரும் சேர்ந்து இழுப்போம் என்றார் நாட்டின் தலைவர் கென்யாட்டா. கிராமத்தாரும் தேவாலயங்களும் பணம், கல், உடலுழைப்பு தந்தார்கள். 1980களின் இறுதியில் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது. ஆனால் சுவர் எழுந்த பல இடங்களில் தகுதியான ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வாய்க்கவில்லை. ஊர் கூடிக் கட்டிவிட்டது. ஆண்டுதோறும் நடத்துவதுதான் கடினமாக இருந்தது.

நம் ஊர்க் கணக்கு

ஒரு பிள்ளைக்குப் பஸ் கட்டணம் மாதம் 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்துக்கு 800. வசதி குறைந்த தமிழ்ப்பள்ளி மாணவருக்குச் சிலாங்கூர் மாநில அரசு தரும் உதவி 300. மீதி 500.

ஒரு கோவிலைச் சேர்ந்த 200 குடும்பங்கள் மாதம் பத்து வெள்ளி தந்தால்:
200 × 10 × 12 = 24,000 வெள்ளி.
24,000 ÷ 500 = 48 பிள்ளைகள்.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. பத்து வெள்ளி என்பது சுமார் ஒன்றேகால் மணி நேர வேலை. சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வெள்ளிகூட இல்லை.

இதற்குப் புதிய சங்கம் வேண்டாம். திருவிழா நோட்டீசில் அபிஷேக உபயம், அன்னதான உபயம் வரிசையில் 'கல்வி உபயம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எவ்வளவு வெள்ளி என்ற மூன்று எண்களை ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரை வாசிக்கக் கூடாது.

வாங்குபவருக்கு இது தர்மம், கொடுப்பவருக்கு இது தவணை. நான்கு குடும்பங்கள் விலகினால் ஆண்டுக்கு 480 வெள்ளி குறையும். ஏறத்தாழ ஒரு பிள்ளையின் பஸ் நின்றுவிடும்.