பகலின் நீளமும் சைன் வளைவும்

பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகைக் கால அட்டவணையை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். சூரிய உதயத்திலிருந்து மஃரிப் வரையுள்ள நேரத்தைக் கணக்கிட்டு, ஓராண்டு முழுவதற்கும் வரைபடத் தாளில் புள்ளிகளாகக் குறித்தால், அவை ஏறி இறங்கும் அலையொன்றாக அமையும். பள்ளிக்கூடத்தில் அஞ்சி அஞ்சிப் படித்த அதே சைன் வளைவுதான் அது.

'ஜீவா' எனும் வடமொழிச் சொல் அரபியில் 'ஜீபா'வாகி, உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் 'ஜைப்' (ஆடையின் மடிப்பு) என்று வாசிக்கப்பட்டு, 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் 'சினஸ்' ஆயிற்று. பிழையான வாசிப்பொன்று உலகப் பெயராக நிலைத்த விந்தை இது!

பகல் நீளம் = நடுமதிப்பு + வீச்சு × சைன் (வேகம் × (நாள் − 80)). இந்நான்கு மாறிலிகளையும் மனப்பாடம் செய்கிறோமேயன்றி, ஒவ்வொன்றுக்கும் வானில் ஒரு காரணம் உண்டென்பதைக் கற்பிப்பார் அரிது.

சென்னையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 54 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 22 நிமிடம். இவற்றின் வேறுபாட்டில் பாதி, அதாவது 46 நிமிடம், வீச்சாகும். இலண்டனிலோ 16 மணி 38 நிமிடமும் 7 மணி 50 நிமிடமும். வீச்சு 4 மணி 24 நிமிடம். நடுமதிப்பு இரு நகரங்களிலும் 12 மணியைச் சற்றே தாண்டி நிற்க, நிலநேர்க்கோடு வீச்சை மட்டும் விரிக்கிறது. 1999 டிசம்பரிலும் 2015 ஜூனிலும் இலண்டனில் நோன்பு நோற்றவர் அவ்வலையின் அடிவாரத்தையும் உச்சியையும் உடலால் அறிந்தவர். ஆனால் துருவ வட்டத்திற்கு அப்பால் இச்சூத்திரம் செல்லாது. பகல் 24 மணியைத் தாண்ட இயலாதாகையால் வளைவின் உச்சி தட்டையாகிவிடும்.

நோன்பு தொடங்குவது உதயத்தில் அன்று, வைகறையில். சென்னையில் அது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முந்தியது. ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதுமில்லை. ஆகவே நோன்பின் நீளத்தை வரைந்தால், வடிவம் மாறாமல் வளைவு முழுவதும் ஒன்றேகால் மணி மேலே நகரும். நடுமதிப்பைக் கூட்டுவதன் பொருள் இதுவே.

மாணவரைக் குழப்புவது அடைப்புக்குறிக்குள் உள்ள 80தான். கழித்தல் குறியைக் கண்டு வளைவு இடப்புறம் நகருமென்று எண்ணுவர். சைன் சுழியத்தில் தொடங்கி ஏறுவது. பகல் தன் நடுமதிப்பைக் கடந்து ஏறுவதோ மார்ச் 21, ஆண்டின் 80ஆம் நாள். அன்று அடைப்புக்குள் சுழியம் வரவேண்டுமானால் 80ஐக் கழித்தே ஆகவேண்டும்; வளைவு வலப்புறம் நகர்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஜூன் மாதப் பகலே மிகக் குறுகியது. அங்கே வளைவு அரையாண்டு நகர்ந்துள்ளது எனலாம்; வீச்சுக்கு எதிர்க்குறி இட்டாலும் அதே வளைவுதான்.

எஞ்சியது வேகம். சூரிய ஆண்டுக்கு நாளொன்றுக்கு 360ஐ 365¼ஆல் வகுத்த அளவு, ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. பிறை வளர்ந்து தேய 29½ நாள்களே ஆவதால், நிலவொளியின் வளைவுக்கு அது 12 பாகைக்கும் மேல். வேகம் பெருகப் பெருக அலை நெருங்குகிறது: ஒரே தாளில் சூரியனுக்கு ஓர் அலை, நிலவுக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவை. அந்தப் பன்னிரண்டு பிறைகள் முடிய 354 நாள்களே ஆவதால், ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் பின்வாங்கி, பகல் அலையை ஏறக்குறைய 33 ஆண்டுகளில் சுற்றி வருகிறது. 1999 டிசம்பரில் இருந்த ரமளான், 2031 டிசம்பரில் மீண்டும் அதே அடிவாரத்தைத் தொடும்.