மரத்தடி வாங்கும் ஆச்சிமாரும்

"யோசனை கூடிப்போச்சு" என்று எமது ஊர்களிலே சொல்வார்கள். நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. என்ன வருத்தம் என்று கேட்டால், "ஒன்றுமில்லை, யோசனைதான்" என்பதே பதிலாக இருக்கும். ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டு மக்கள் பேசும் ஷோனா மொழியிலும் இதே கருத்துள்ள ஒரு சொல் உண்டு. "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மிஞ்சி யோசித்தல். எச்.ஐ.வி. தொற்றுடன் மனக்காயத்தையும் சுமந்து வாழ்ந்த மக்களுக்கு அந்நாட்டில் உதவ முன்வந்தவர்கள், இந்தச் சொல்லிலிருந்தே தமது வேலையைத் தொடங்கினார்கள்.

இடம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கு அக்கதையின் ஆரம்பம் புதுமையாக இராது. 2005ஆம் ஆண்டு மே மாதம் சிம்பாப்வே அரசாங்கம் நகரங்களிலிருந்த குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளத் தொடங்கியது. அந்த நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயரின் பொருள் "குப்பையை அகற்று" என்பதாகும். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ அல்லது இரண்டையுமோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபையின் விசேட தூதுவர் அறிக்கையிட்டார். அதே நாட்டில் அக்காலத்தில் வளர்ந்தோரில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தனர். இடம்பெயர்வினால் சிகிச்சை தடைப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

எச்.ஐ.வி.க்கு இன்று நல்ல மருந்து உண்டு. தினமும் தவறாமல் குளிசை எடுப்பவர் நீண்டகாலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பதும் நிரூபிக்கப்பட்டுள்ளது. ஆனால் குளிசையை எடுத்து வாயில் போடுவது கையல்லவா? மனம் உடைந்தவரின் கை அதற்கு எழுவதில்லை. வன்முறைக்கு ஆளானவர், கணவனை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர், "உனக்குத் தொற்று இருக்கிறது" என்ற சொல்லையே இடிபோலக் கேட்டவர் எனப் பலர் உள்ளனர். இவர்களுக்குப் பயங்கரக் கனவு வரும், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள், நடந்ததை நினைவூட்டும் எதையும் விலக்கப் பார்ப்பார்கள். அந்தக் குளிசையே ஒவ்வொரு நாளும் நினைவூட்டுகின்ற பொருளாகிவிடுகிறது. அதை விலக்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரே கொட்டிலில் பலர் படுத்து எழும்பும் இடத்தில், யாரும் பாராமல் குளிசை போடுவது எவ்வளவு சிரமம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹராரேயில் மனநல வைத்தியராக இருந்த டிக்சன் சிபாண்டா இப்படிப்பட்ட மக்களுக்கு எப்படி உதவுவது என்று தவித்தார். பஸ்ஸுக்குக் காசில்லாததால் தம்மிடம் வர முடியாமற்போன ஓர் இளம்பெண் தன்னுயிரை மாய்த்துக்கொண்டதை அவர் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். நாட்டில் மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தனர். தாதிமாருக்கு நேரமில்லை, சிகிச்சை நிலையத்திலோ அறையில்லை. எனவே 2006இல் ம்பாரே என்ற பகுதியில், 14 ஆச்சிமாருடனும் வெளியே போட்ட ஒரு மரவாங்குடனும் வேலை தொடங்கிற்று.

முதலில் அதற்கு "மனநல வாங்கு" என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் வந்து இருக்கவில்லை. (யார்தான் இருப்பார்கள்?) அந்தப் பெயரை விட்டுவிட்டு, கூடி யோசனை பேசும் வாங்கு என்ற கருத்தில் ஷோனா மொழியிலேயே பெயர் வைக்கலாம் என்றவர்கள் ஆச்சிமாரே. உலகம் இன்று அதை "நட்பு வாங்கு" என அறிகிறது. எமது கருத்தில், படித்த பலர் கூடியும் காணாத மருந்து அந்தப் பெயர் மாற்றத்தில் இருந்தது.

ஆச்சிமார் புத்திமதி சொல்பவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு. முதலில் 14 சிறு கேள்விகள் கேட்பார்கள். பின்பு வந்தவர் தன் மனத்தைத் திறந்து கொட்டும்வரை பொறுமையாகக் கேட்பார்கள். கொட்டியவற்றுள் ஒரேயொரு பிரச்சினையை வந்தவரே தெரிவு செய்வார். வீட்டு வாடகை, புருஷனுக்கு எப்படிச் சொல்வது, மருந்து எடுக்கப் போவதற்குக் காசு, இப்படி ஏதாவதொன்று. அதற்கு என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்பதை இருவருமாகப் பேசித் திட்டமிடுவார்கள். அடுத்த முறை அது நடந்ததா என்று பார்ப்பார்கள். ஏறத்தாழ ஆறு சந்திப்புகள். அதன்பின் ஒன்றுகூடும் குழுக்களும் உண்டு. அங்கே பெண்கள் பேசிக்கொண்டே பைகள் பின்னி விற்கிறார்கள்.

2016இல் இதன் பலன் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஹராரேயின் 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேர் இரு பிரிவாகக் கவனிக்கப்பட்டனர். அவர்களுள் பத்தில் நால்வர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழமையான கவனிப்பைப் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வாங்கில் இருந்தவர்களிலோ ஏழு பேருக்கு ஒருவர்தான்.

எனினும் வாங்கு எல்லாவற்றையும் தீர்க்கும் என நினைக்கலாகாது. அந்த ஆய்வு அளந்தவை மனச்சோர்வும் பதகளிப்புமே. உயிரை மாய்க்க எண்ணுபவரை ஆச்சிமார் மேலதிக சிகிச்சைக்கு அனுப்பிவிடுவர். ஆண்டுக்கணக்கில் அதே காட்சி கண்முன் வரும் ஆழ்ந்த மனவடுவுக்கு வேறு முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கயிற்றை வாழ்க்கையாக விரித்து, நல்லதற்குப் பூவும் கெட்டதற்குக் கல்லும் வைத்து, நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல வைப்பது. சுனாமிக்குப் பின் 2005இல் எமது வடகிழக்கில் முகாம் பிள்ளைகளுக்கு, வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைக்கும் இம்முறையை உள்ளூரில் பயிற்சி பெற்றோரே செய்தார்கள், பலனும் கிடைத்தது.

இலங்கையில் எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் தொகை சிம்பாப்வேயுடன் ஒப்பிட மிகக் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் எம்மை ஏற்றுக்கொண்டது. குறைவாக இருப்பதாலேயே தொற்றுள்ள ஒருவர் ஊரில் மிகத் தனித்துப் போகிறார். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் குளிசையும் இலவசம், விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். அங்கு செல்பவர் தமது நித்திரை, கனவு, யோசனை பற்றியும் வைத்தியரிடம் சொல்லலாம். சொன்னால்தான் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு முதலில் அழைத்துப் பேசலாம்.