தலைக்குள் ஒரு பாகூர் ஏரி

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்க்காரர்களுக்கு, தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறும் இந்த வியாதியைப் புரியவைக்க டாக்டரே தேவையில்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, வடிகிற வழி மட்டும் சரியில்லை. ஏரி என்ன ஆகும்? அதேதான்!

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி நிற்கும் நீர் 150 மில்லிதான். ஆனால் தினமும் அரை லிட்டர் புதிதாக ஊறுகிறது. அவ்வளவும் ரத்தத்தில் வடிந்தாக வேண்டும். வடியாவிட்டால் கரை உடையாது, மண்டை எலும்பாயிற்றே; அழுத்தம் ஏறும். தலை வலிக்கும். குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டும். ராத்திரி காதுக்குள் நாடியோடு சேர்ந்து 'உஷ்... உஷ்...'. அதிகம் மாட்டுவது எடை கூடிய இளம்பெண்கள். பருவுக்குத் தரும் சில மாத்திரைகளும் கிளப்பிவிடும்.

இப்போது கண் ஆஸ்பத்திரியின் இருட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க. கண்ணாடி மாற்றலாம் என்று வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்குச் சொட்டு மருந்து விட்டு, விழியின் பின்சுவரில் வெளிச்சம் பாய்ச்சுகிறார்கள். பார்வை நரம்பின் முனை புதுக்காசு மாதிரி விளிம்பு தெளிந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை! வியர்வையில் கலைந்த சாந்துப் பொட்டாட்டம் உப்பிக் கிடக்கிறது. மண்டையைத் திறக்காமலே உள்விவகாரம் அம்பலம்.

அடுத்து ஸ்கேன். கட்டி இல்லை, ரத்தக்குழாயில் அடைப்பும் இல்லை. 1904-இல் நோன்னே என்ற ஜெர்மன் டாக்டர் இதற்குப் 'பொய்க்கட்டி' என்றே பெயர் வைத்தார், குறும்புக்காரர்.

பிறகுதான் எல்லோரும் நடுங்கும் காட்சி: அழுத்தத்தை அளக்க முதுகில் ஊசி. "முதுகுல நீர் எடுத்தா கால் விளங்காம போயிடும்" என்று வாசலில் ஒரு பாட்டி நிச்சயம் இருப்பார். பாட்டி, தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது; ஊசி போவது அதற்குக் கீழே! கருவிலிருக்கும் குழந்தைபோல் ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வேண்டும். ஊசியில் மாட்டிய மெல்லிய குழாயில் நீர் ஏறுகிறது, ஊற்றுநீர்த் தெளிவில். பதினைந்து... இருபது... பள்ளிக்கூட ஸ்கேலில் 25 சென்டிமீட்டர் தாண்டினால் சந்தேகம் தீர்ந்தது. 1891-இல் குவின்க்கே என்ற டாக்டர் தொடங்கிவைத்த வித்தை இது.

விட்டால் பார்வையே போகலாம், அதனால் விளையாட்டில்லை. எடை குறைய வேண்டும், கூடவே நீர் ஊறுவதைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை. அதன் சேட்டையைக் கேளுங்கள்: விரல் நுனி குறுகுறுக்கும், பெட்டிக்கடைப் பன்னீர் சோடா வாயில் சப்பென்று ஆகிவிடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கேஸ் குறையவில்லை!