சேற்றுக்குள் ஒரு காந்த ஊசி

பறவைகள் பூமியின் காந்தத்தை உணர்ந்து பறப்பதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "இதைவிடச் சின்ன உயிர்களுக்கும் அந்தத் திறமை உண்டா?" என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். உண்டு, பாக்டீரியாவுக்கே உண்டு.

குளத்துச் சேற்றிலும் உப்பங்கழியிலும் கடலடி வண்டலிலும் வாழும் காந்தப் பாக்டீரியாக்கள், தண்ணீரில் கரைந்த இரும்பை உறிஞ்சி, உடலுக்குள்ளேயே மேக்னடைட் படிகங்களைச் செய்துகொள்கின்றன. அந்தப் படிகங்கள் ஒரே வரிசையில் நின்று காந்த ஊசியாக வேலை செய்கின்றன.

ஊசி காட்டும் வடக்கே போய் இந்தப் பாக்டீரியாக்களுக்கு என்ன ஆகவேண்டும்? ஒன்றுமில்லை. ஆக்சிஜன் குறைந்த ஆழம்தான் வேண்டும். உடல் மிகச் சிறிது என்பதால் புவியீர்ப்பை வைத்து மேல் கீழ் தெரியாது. ஆனால் பூமியின் வடபாதியில் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கிச் சரிந்து தரைக்குள் இறங்குகின்றன. வடக்கே நீந்தினால் ஆழத்துக்குப் போய்விடலாம். எங்கள் ஊர்க் கிணற்றில் தூர்வார இறங்குகிறவர் இருட்டில் கயிற்றைப் பிடித்தே இறங்குவார். இவற்றுக்குக் காந்தக் கோடுதான் கயிறு. தென்பாதியில் சரிவு நேர்மாறு, அங்கிருப்பவை தெற்கே நீந்துகின்றன. கோடுகள் எந்தப் பக்கமும் சரியாத இடம் காந்த நடுக்கோடு. அதை அப்போது ஒட்டியிருந்த பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் இரு வகையும் ஏறக்குறையச் சமமாக இருந்ததை 1981இல் கண்டார்கள்.

இவற்றை முதலில் கவனித்தவர் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்து சால்வத்தோரே பெல்லீனி. 1963இல் அவர் இத்தாலிய மொழியில் எழுதிய அறிக்கைகள் ஆய்விதழ் எதிலும் வரவில்லை. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. பெல்லீனியின் எழுத்து ஆங்கிலத்தில் அச்சேற 2009 ஆயிற்று. நல்ல வேலையை இப்படிக் கிடப்பில் போடுவது பெரிய அநியாயம்.

அதே 1963இல்தான் கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வானத்தைப் பார்க்க அவ்வளவு அக்கறை காட்டிய நாம், காலடியில் இருக்கும் குளத்தில் குப்பையைக் கொட்டுகிறோம்.

கடிதம் எழுதிய மாணவிக்கு ஒன்று சொல்வேன். குளத்துச் சேற்றைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்து, மூடியைத் தளர்வாக வைத்துச் சில வாரம் நிழலில் விடுங்கள். பிறகு சேற்றின் மேல்மட்டத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவாருங்கள். சொட்டின் ஓரத்தில் புள்ளிகள் கூடும். காந்தத்தைத் திருப்பிப் பிடியுங்கள். எவை எதிர்ப்பக்கம் ஓடுகின்றனவோ அவைதான். எந்தக் குளம், எத்தனை வடக்கே, எத்தனை தெற்கே என்று எழுதி அனுப்புங்கள்.