பின்னச்சு கியரை மாற்றினால் லோரியில் டீசல் மிச்சமாகுமா?

"பின்னால் இருக்கும் கிரவுன் பினியனை மாற்றிவிடுங்கள் அண்ணே, எண்ணெய் மிச்சமாகும்." டீசல் விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் பட்டறையில் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. ஃபிளீட் கார்டு உள்ள சரக்கு லோரிகளுக்குப் பழைய விலை கிடைத்தாலும், ஒன்றிரண்டு லோரிகளை நம்பிப் பிழைப்பவருக்கு எண்ணெய்தான் பெரிய செலவு. அந்த யோசனை சரிதானா?

என்ஜினின் சுழற்சி கியர் பெட்டி வழியாக, நீண்ட தண்டு வழியாகப் பின்னச்சுக்குப் போகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பற்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல் என்றால், டயர் ஒரு சுற்றுச் சுற்ற தண்டு 4.88 சுற்றுச் சுற்ற வேண்டும். 10-க்கு 37 என்றால் 3.70 சுற்று போதும். எண் பெரிதானால் இழுவை கூடும். சிறிதானால் அதே வேகத்தில் என்ஜின் மெதுவாகச் சுற்றும்.

பெரிய லோரிகளில் உள்ள 11R22.5 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 310 சுற்றுச் சுற்றும். மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று என வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் 4.88 பின்னச்சில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று ஓடும். 3.70 பின்னச்சில் சுமார் 1,530 சுற்றுதான். பிஸ்டன் உரசலும் தண்ணீர் பம்பும் எண்ணெய் பம்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் டீசலைத் தின்கின்றன. மிச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

சுற்று 24 விழுக்காடு குறைந்தால் டீசலும் 24 விழுக்காடு குறையும் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. அது தப்புக் கணக்கு. காற்றையும் பாரத்தையும் தள்ள வேண்டிய வேலை அப்படியேதானே இருக்கிறது?

மிச்சம் 5 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்து, மாதம் 9,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் லோரிக்கு 150 லிட்டர் மிஞ்சும். பழைய விலைக்கே 320 ரிங்கிட்டுக்கு மேல். தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் லோரிக்கு 33 லிட்டர் கணக்கு வரும். ஆனால் அதுவும் கைக்கு வராது.

ஏனென்றால் இழுவையும் எல்லாக் கியரிலும் அதே 24 விழுக்காடு குறைந்துவிடுகிறது. மழை பெய்த செம்மண் பாதையில், செம்பனைக் குலை முழுப் பாரத்துடன் ஏற்றத்தில் லோரியை நகர்த்திப் பாருங்கள். கிளட்ச் வாசனை வரும். ஒரு கியர் கீழேயே வெகுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். மிச்சமான டீசல் அங்கே போய்விடும். நெடுஞ்சாலையிலும் புக்கிட் பெராப்பிட் போன்ற ஏற்றத்தில் இது தெரியும்.

இறக்கம்தான் இன்னும் முக்கியம். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லோரிக்கு என்ஜின் பிடிப்பும் பழைய கியரில் அதே அளவு குறையும். பழகிய கையோடு அதே கியரில் இறங்கினால் பிரேக் சூடேறும். ஒரு கியர் குறைத்தே இறங்க வேண்டும். லோரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டுநர் இருந்தால் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பின்னால் இரண்டு இயக்க அச்சு இருந்தால் இரண்டையும் ஒரே எண்ணுக்கு மாற்ற வேண்டும். விலை மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடையும்.

முதலில் சுற்றுமானியைப் பாருங்கள். வழக்கமான வேகத்தில், மேல் கியரில் முள் பச்சைப் பகுதியில் நின்றால் மாற்றிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதற்கு மேலே நின்று, லோரியும் பெரும்பாலும் சமதளத்தில் ஓடினால்தான் யோசிக்கலாம். தோட்டத்தில் ஓடிய பழைய லோரியை வாங்கிக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓட்டுபவர் இந்த வகை. கழற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றிய பிறகு பலர் ஏமாறும் இடம் வேகமானி. பல லோரிகளில் அது கியர் பெட்டியின் பின்புறச் சுழற்சியைக் கொண்டு கணக்கிடுகிறது. திருத்தி அமைக்காவிட்டால், முள் 80 காட்டும்போது லோரி உண்மையில் 105-இல் ஓடும். சம்மன் வீட்டுக்கு வந்த பிறகு கியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 760 என்று காட்டும். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் டீசல் கூடுதலாகத் தின்பது போலவே தெரியும். அதனால் ஈப்போவிலிருந்து கிள்ளான் வரை என்பது போல ஒரே பாதையை, ஒரே பாரத்துடன், மாற்றுவதற்கு முன் சில நடையும் பின் சில நடையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு நடைக்கும் தொட்டி நிரம்ப ஊற்றி, எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள்.